பாட்டிலம்மாவின் கேள்வி

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டருக்கே பயப்படாதவர்களும் பாட்டிலம்மாவுக்குப் பயப்படுவார்கள். பரிசோதனைக்கூடத்தின் கடைசி ஜன்னல் அவளுடையது. மற்ற ஜன்னல்களில் விரல் நுனி அளவுக்குச் சின்னக் குப்பியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவள் கொடுப்பது பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டில். ஒரு முழு நாள் சிறுநீரையும் அதில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பாட்டிலைச் சும்மா கொடுத்துவிடவும் மாட்டாள். கூடவே ஒரு பாட்டு பாடித்தான் கொடுப்பாள்.

"காலைல எழுந்ததும் போற முதல் தடவை வேண்டாம், அதை வெளிய விட்டுடுங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டு விடாம இதுலதான். மறுநாள் காலைல எழுந்து போறது வரைக்கும். அடியில கொஞ்சம் ஆசிட் இருக்கு, மோந்து பாக்காதீங்க. பஸ்ல வரும்போது மூடியை நல்லா இறுக்கிக்குங்க, போன வாரம் ஒருத்தர் மடியில கொட்டிக்கிட்டாரு. பிடிக்கிறதுக்கு முன்னாடி மூணு நாளும், பிடிக்கிற அன்னைக்கும், கறி கிடையாது, மீன் கிடையாது. எலும்பு சூப்புன்னு மூச்சு விடக்கூடாது. ஜெல்லி, ஐஸ்கிரீம் கிடையாது. கேப்ஸ்யூல் சாப்பிடுறவங்களா இருந்தா டாக்டரைக் கேட்டுக்குங்க. புரியுதா? புரியலைன்னா இப்பவே என்னைக் கேளுங்க. வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டம்மாவைக் கேக்காதீங்க."

எதற்கு இத்தனை கெடுபிடி என்றால், விஷயம் இதுதான். தோலையும் எலும்பையும் தசைநாரையும் இழுத்துப் பிடித்துக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்கிற புரதம். அதற்குள் ஹைட்ராக்ஸிபுரோலின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. புரோலின் என்கிற சாதாரண அமினோ அமிலமாகத்தான் உள்ளே போகும். புரதச் சங்கிலியில் கோத்த பிறகு உடம்பு அதில் ஒரு சின்ன மாற்றம் செய்து இப்படி ஆக்கிக்கொள்ளும். வேறு இடத்தில் அது அவ்வளவாகக் கிடையாது. எலும்பு கரைந்தால் அது கழன்று வரும். கழன்று வந்ததை உடம்பு மறுபடி கட்டுவதற்கு எடுத்துக்கொள்ளாது. ஒரு பங்கு சிறுநீரில் வெளியே போய்விடும். ஆகவே சிறுநீரில் அது அதிகம் என்றால் உள்ளே எங்கேயோ எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எலும்பைத் துல்லியமாகப் படம் பிடிக்கும் பெரிய மெஷின்கள் அந்த ஊருக்கு வராத காலம் அது. எலும்பு டாக்டர் இந்தப் பாட்டிலைத்தான் நம்பியிருந்தார்.

ஆனால் ஜெல்லியும் சூப்பும் கேப்ஸ்யூல் உறையும் என்ன? அவையும் மாட்டின் எலும்பும் தோலும்தானே. நேற்று ஒரு கிண்ணம் ஜெல்லி தின்றவனின் பாட்டிலிலும் அதே சாமான் வந்து நிற்கும். பாட்டிலுக்குள் வந்த பிறகு எது மனுஷன் எலும்பு, எது மாட்டு எலும்பு என்று எந்த மெஷினும் பிரித்துச் சொல்லாது. அதனால் கணக்கு ஏறியிருந்தால் பாட்டிலம்மா டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றால் அந்த முடிவு குப்பைத்தொட்டிக்குப் போகும், புதுப் பாட்டில் கொடுக்கப்படும், கூடவே காது குளிரத் திட்டும் கிடைக்கும். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் சத்தியம் பண்ணி, கண்ணீர் விட்டு, கடைசியில் "சூப்பு குடிச்சேன், ஆனா எலும்பைக் கடிக்கலை" என்றார். இன்னொருவர் பாட்டில் நிறையவில்லையே என்று கவலைப்பட்டுத் தம்பியிடம் கொஞ்சம் கடன் வாங்கி ஊற்றியிருந்தார். "மனுஷங்க வயித்தை நம்பலாம், வாயை நம்ப முடியாது" என்பாள் பாட்டிலம்மா. வாயை நம்பாததற்கு அவளுக்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது.

அந்தக் காரணம் அவள் புருஷன். பஸ் நிலையத்துக்கு எதிரே சின்ன ஐஸ்கிரீம் கடை. ஐஸ்கிரீமைவிட ஜெல்லிக்குத்தான் பெயர்; ஊரில் எல்லோருக்கும் அவர் ஜெல்லிக்காரர். நல்ல தாட்டியான உடம்பு, அதைவிடத் தாட்டியான சிரிப்பு. பெண் பார்க்க வந்தபோது கையோடு ஒரு டப்பா சிவப்பு ஜெல்லி கொண்டுவந்தார். இவள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சின சாறுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். கூடியிருந்தவர்களுக்கு மூஞ்சி செத்துவிட்டது. மனுஷன் அசரவே இல்லை. "தெரியாதேங்க! எலும்புக்குள்ள இவ்வளவு ருசியா?" என்று டப்பாவைத் தானே திறந்து ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார். இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

பிள்ளை குட்டி இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து அழுது தீர்த்த காலம் ஒன்று இருந்தது; அது முடிந்துவிட்டது. அதற்கப்புறம் இவர் அவளுக்குப் பிள்ளை, அவள் இவருக்குப் பிள்ளை. ஜெல்லிக்காரர் எதிலும் பொய் சொல்ல மாட்டார், தீனியைத் தவிர. தீனி விஷயத்தில் பச்சைப் பொய், கூசாமல் சொல்லுவார். சர்க்கரை ஏறுகிறது, ஜெல்லியைத் தொடாதீர்கள் என்று அவள் சொன்ன நாளிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது தினமும் இதே கூத்துதான்.

"சாப்பிட்டீங்களா?"

"சேச்சே."

"நாக்கை நீட்டுங்க."

நீட்டுவார். செக்கச்செவேல் என்று இருக்கும். "விஞ்ஞானியைக் கட்டிக்கிட்டா இதுதான் கதி" என்று கைகழுவப் போவார். அவள் திட்டிக்கொண்டே தட்டு எடுத்து வைப்பாள். வாசல் கம்பியில் ஈரத்துணி காயும், அடுப்பில் ஏதாவது கொதிக்கும், இரண்டு பேரும் சண்டை போட்டபடியே சாப்பிடுவார்கள். நன்றாகத்தான் இருந்தார்கள்.

பிறகு அவருடைய சிறுநீரகம் ஒன்றில் கட்டி என்று வந்தது. வெட்டி எடுத்தார்கள். "எல்லாம் சுத்தமா எடுத்தாச்சு" என்றார்கள். மனுஷன் ஒரு சுற்று இளைத்து மறுபடி பழையபடி ஊதினார். இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் முதுகு வலிக்கிறது என்றார். ஐஸ் பெட்டி தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று தைலம் தடவினார். தைலத்துக்கு வலி கேட்கவில்லை. எலும்பு டாக்டர் முதுகை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார், சாதாரணப் படம் எடுத்துப் பார்த்தார், தெளிவாக ஒன்றும் தெரியவில்லை என்றார். பாட்டிலம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க டெஸ்ட் ஒண்ணு பாத்துடலாமேம்மா" என்றார். அவர் என்னத்துக்குப் பயப்படுகிறார் என்று சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. கட்டி எலும்புக்குப் போய்விட்டதா என்பதுதான் கேள்வி. போயிருந்தால் அந்த ஊரில் அதற்கு வைத்தியம் பெரிதாக ஒன்றும் கிடையாது.

அன்று வீட்டு மேஜையில் பாட்டிலை வைத்து, முழுப் பாட்டையும் புருஷனுக்கே பாடினாள்.

"சுருக்கமாச் சொல்லு. நான் இந்தப் பாட்டைத் தூக்கத்துல நீ பாடிக் கேட்டிருக்கேன்."

"விளையாடாதீங்க. இந்த ஒரு தடவை. என் மேல சத்தியமா ஒரு துளி வாயில வைக்கக் கூடாது."

"கடையிலயே உக்காந்திருக்கிறவனை இப்படிச் சொன்னா எப்படிம்மா? பதம் பாக்க வேண்டாமா?"

"உங்க தங்கச்சி பாக்கட்டும்."

அவருடைய தங்கை பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். புருஷன் இல்லாதவள், காலையிலிருந்து மாலை வரை கடையில் கிண்ணம் கழுவிக் கல்லாவில் உட்காருவாள். "அண்ணனாவது, வாயைக் கட்டறதாவது" என்று அவளும் சிரித்தாள்.

நான்கு நாள் போனது. சாயங்காலம் நாக்கைப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. பாட்டிலம்மாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை அவரே பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலில் நின்றார். "சிஸ்டர், ஒரு சொட்டு சிந்தலை" என்றார் பெரிய மனுஷன் மாதிரி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கூட வேலை செய்தவள் "நான் போட்டுத் தரேன் அக்கா" என்று கேட்டாள். பாட்டிலம்மா விடவில்லை. கண்ணாடிக் குழாயில் அளந்து ஊற்றி, அமிலம் சேர்த்து, வாயை உருக்கி மூடி, ராத்திரி முழுக்கச் சூட்டடுப்பில் வேகவிட்டாள். மறுநாள் எடுத்து அமிலத்தை முறித்து, மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, வெந்நீர்த் தொட்டியில் குழாய்களை நிறுத்தினாள். ஹைட்ராக்ஸிபுரோலின் இருந்தால் அதில் சிவப்பு ஏறும். கொஞ்சம் இருந்தால் வெளிர் ரோஜா நிறம். அதிகம் இருந்தால் நிறம் கூடிக்கொண்டே போகும்.

புருஷன் குழாயில் நிறம் ஏற ஆரம்பித்தது. போதும், இத்தோடு நில், நில் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அது நிற்கவில்லை. எடுத்து நிறம் அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தாள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று வேறொருவர் குழாயை வைத்தாள். மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. மிச்சம் வைத்திருந்த இன்னொரு குழாயிலும் அதே நிறம்தான். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. அடக் கடவுளே, கேட்கவே இல்லையே! இந்த மனுஷன் தின்னாமல் இருந்திருப்பாரா? நான்கு நாள்! ஜெல்லிப் பாத்திரத்தின் பக்கத்திலேயே! நாக்கில் தெரியாதபடி ஏதாவது தில்லுமுல்லு பண்ணியிருப்பார். கண்டிப்பாகத் தின்றிருப்பார். இத்தனை வருஷம் திருட்டுத்தீனி தின்றவர்களையெல்லாம் சபித்த அந்த வாய், கட்டிய புருஷன் திருடியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனது. வேலை அங்கியைக்கூடக் கழற்றாமல், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, பஸ்ஸுக்குக் குறுக்கே விழுந்தடித்து, ஓட்டுநர் ஒருவர் திட்டத் திட்ட, கடைக்கு ஓடினாள்.

நல்ல வெயில். கடையில் கூட்டம் இல்லை. ஜெல்லிக்காரர் தட்டில் உறைந்திருந்ததைக் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டிக்கொண்டிருந்தார். அவள் வாசல்படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"சாப்பிட்டீங்களா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"நாக்கைப் பாத்தியேம்மா தினமும்."

"நாக்கு கிடக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தின்னீங்களா, இல்லையா?"

"... பால் ஜெல்லி" என்றார் அவர். "அது நாக்குல ஒட்டாது."

"எவ்வளவு?"

"ரெண்டு கிண்ணம். மூணோ என்னமோ. கடைசி நாளும்தான்."

பாட்டிலம்மா ஓடிப்போய் அவர் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள். "ஏன்யா, உனக்கு அறிவிருக்கா? மனுஷனா நீ? என் உயிரே போயிடுச்சே!" என்று, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக அவரை நீ வா போ என்று பேசினாள். அடித்த கையாலேயே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் அடியை வாங்கிக்கொண்டார். "சரி சரி, அடுத்த தடவை ஒழுங்கா இருக்கேன்" என்றார்.

அவ்வளவு சிவப்புக்கு மூன்று கிண்ணம் போதுமா என்று அவளுக்கு உள்ளே ஒரு மூலையில் கேட்கத்தான் செய்தது. இதே கணக்கை வேறொருவர் விஷயத்தில் அவள் விட்டுவைத்திருக்க மாட்டாள். இந்த முறை போதும் என்று தனக்குத்தானே அடித்துச் சொல்லிக்கொண்டாள். டாக்டரிடம் போய், "சாப்பிட்டுட்டாரு சார், செல்லாது. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றாள். சரி என்றார்.

அந்த இரண்டு வாரமும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சாயங்காலம் கடைக்கே போய் உட்கார்ந்தாள். மாட்டுத் தோல் சாறு என்று அத்தனை வருஷம் தொடாத ஜெல்லியைக் கேட்டு வாங்கித் தின்றாள். "நாக்கை நீட்டு" என்றார் அவர். நீட்டிக் காட்டினாள். ஒருநாள் இருவரும் பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். வரும்போது அவர் முதுகுக்குப் பின்னால் தன் பையை மடித்து வைத்தாள். "ஐஸ் பெட்டியை இனிமே தூக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். ஆகட்டும் என்றார்.

இரண்டாவது பாட்டில் கொடுக்கும் நாள் வந்தது. பாட்டிலம்மா கடைக்குப் போனபோது அவர் சாமான் வாங்கப் போயிருந்தார். தங்கை கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை நீதான் பொறுப்பு" என்றாள் பாட்டிலம்மா. "போன தடவை மாதிரி கோட்டை விட்டுடாதே. பாத்திரம் பக்கமே விடாதே உங்க அண்ணனை."

"போன தடவையா?" என்று தங்கை நிமிர்ந்தாள். "போன தடவை அண்ணன் கரண்டியைக்கூட நக்கலையே அண்ணி. நாலு நாளும் நான்தான் பதம் பாத்தேன். வாய் ஊறுதுன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுல்ல வெட்டினாரு."

"பால் ஜெல்லி..."

"பால் ஜெல்லியா? பால் பவுடர் தீர்ந்து ஒரு மாசம் ஆச்சு அண்ணி. அதை வாங்கத்தானே இப்பப் போயிருக்காரு. ஏன், என்ன ஆச்சு?"

பாட்டிலம்மா ஒன்றும் ஆகவில்லை என்றாள். பாட்டிலை அங்கேயே மேஜையில் வைத்துவிட்டு, கழுவிய கிண்ணங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் மறுபடி பிரித்து அடுக்கினாள். தங்கை ஒன்றும் புரியாமல் பயந்துபோய்ப் பார்த்தாள்.

ஜெல்லிக்காரர் பவுடர் பையோடு வந்தார். இருவரையும் பார்த்தார், மேஜைமேல் பாட்டிலைப் பார்த்தார். தங்கையை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

அவர் பவுடர் பையின் வாயை முறுக்கிக் கட்டினார்.

"ரெண்டு வாரம் போச்சே. எனக்குத் தெரிஞ்சிருந்தா வெளியூருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. யார் காலிலயாவது விழுந்திருப்பேனே. வாழ்க்கை பூரா திருடித் தின்ன ஆளு, இந்த ஒரு தடவை ஏன் ஒழுங்கா இருந்தீங்க? தின்னிருக்க வேண்டியதுதானே! யாரு உங்களைக் கட்டுப்பாடா இருக்கச் சொன்னது?"

"நீதான் சத்தியம் வாங்கினே."

"அப்புறம் ஏன் தின்னேன்னு சொன்னீங்க?"

"அன்னைக்கு நீ வாசல்ல நின்னதை நீ பாக்கலை" என்றார் அவர். "எத்தனையோ பேரு இந்தப் படியில வந்து நின்னு ஜெல்லி கேட்டிருக்காங்க. குழந்தைங்க கேட்டிருக்கு. உன்னை மாதிரி ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரலைம்மா."

அவள் தரையில் உட்கார்ந்து அவர் மடியில் தலையைப் போட்டாள். அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். தங்கை டீயோடு திரும்பி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள். டீ ஆறிப்போனது.

இரண்டாவது பாட்டிலும் சொன்னது அதையேதான், இன்னும் அழுத்தமாக. "ரெண்டு வாரத்துல ஒண்ணும் மாறியிருக்காதும்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார் டாக்டர். அது உண்மையா, அல்லது ஜெல்லிக்காரர் மாதிரியே அவருக்கும் நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வெளியூருக்குக் கூட்டிப் போனாள். கதிர் வைத்தியம் கொடுத்தார்கள், வலி குறைந்தது, மறுபடி வந்தது. தாட்டியான உடம்பு படுக்கையோடு ஒட்டிப்போனது. புரட்டிப் படுக்கவைக்கும்போது எங்கே எலும்பு முறியுமோ என்று அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவளாக இருந்தால் தேவலை. அவளுக்குத் தெரியும். கட்டி வைத்திருந்ததெல்லாம் கழன்று போய்க்கொண்டிருந்தது, போனதில் ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை. பெற்றால்தான் பிள்ளையா என்று இருந்த பிள்ளையும் போகப்போகிறதே என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். முகம் கழுவிவிட்டு வந்து திட்ட ஆரம்பிப்பாள். திட்டினால்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

கடையைத் தங்கை நடத்தினாள். ஒருநாள் மத்தியானம் பாட்டிலம்மா தானே ஜெல்லி செய்து பார்க்கலாம் என்று தூள் வாங்கிவரச் சொன்னாள். அடுப்பில் வைத்துக் கிண்டி, அளவு தப்பி, ஒரு பக்கம் கட்டியாகவும் ஒரு பக்கம் தண்ணீராகவும் உறைந்தது. சிவப்பு மட்டும் நன்றாக வந்திருந்தது. கிண்ணத்தில் போட்டுப் படுக்கைக்கு எடுத்துப் போனாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "விஞ்ஞானி, இது எலும்பா, தோலா?"

"வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க."

"மூடிக்கிட்டு எப்படித் தின்னுறது?" என்றார். குரல் காற்றாக வந்தது.

ஒரு கரண்டி ஊட்டினாள். வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். "மிச்சத்தை நானே சாப்பிட்டுக்கறேன், நீ போய் அடுப்பைப் பாரு" என்றார். கிண்ணத்தை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. பாத்திரத்தை ஊறவைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

கிண்ணம் காலியாக இருந்தது. தலையணைக்கு அடியில் செருகியிருந்த துண்டின் நுனி சிவப்பாக நனைந்து, விரிப்பில் ஒரு கீற்று ஓடியிருந்தது. முதல் கரண்டி மட்டும் உள்ளே போனதா என்றுகூடத் தெரியவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்" என்றார் ஜெல்லிக்காரர். "முழுசும். நல்லா இருந்துச்சு."

பாட்டிலம்மா அவர் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. "நல்ல பிள்ளை" என்று வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.